பாட்டு டீச்சர் பெர்மனென்ட் ஆனார்

நெய்வேலியில் அந்தக் காலத்தில் யாரும் யாரிடமும் 'சௌக்கியமா' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. 'பெர்மனென்ட் ஆயிடுச்சா' என்றுதான் கேட்பார்கள். பெண் கொடுக்க வருகிறவன் கேட்பான், பால் ஊற்றுகிறவன் கேட்பான், திருநீறு கொடுக்கிற குருக்கள்கூடக் கேட்பார். ஆகிவிட்டது என்றால் ஒரு மரியாதை, ஆகவில்லை என்றால் வேறொரு மரியாதை. அப்படிப்பட்ட ஊரில் பெர்மனென்ட் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுததை நான் ஒருத்தன்தான் பார்த்தேன். அவர் பெயர் சவரியம்மாள். சுரங்கக் கம்பெனி நடத்திய எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். நான் கண்ணையன், அதே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவர் வந்து சேர்ந்தார். வடலூரில் பஸ் மாறி வந்தவர், தகரப் பெட்டியைக் கூலிக்காரன் தலையில் ஏற்றிவிட்டு ஆர்மோனியத்தை மட்டும் தானே இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார். அப்பா குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு மாதாகோயிலில் உபதேசியார். கடலூரில் கன்னியாஸ்திரிகளிடம் பாட்டும் ஆர்மோனியமும் படித்து, சர்க்கார் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். புருஷன் சந்தியாகு சுரங்கத்தில் ஃபிட்டர், டெம்பரரி. டீச்சரும் டெம்பரரி. குடும்பமே டெம்பரரி என்று சந்தியாகு சொல்லிச் சிரிப்பார்.

அவர்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் எங்கள் பிளாக்கில்தான். வந்த புதிதில் சந்தியாகு ஷிப்ட் முடிந்து வந்து, கால் கை கழுவி, மணையைப் போட்டு உட்கார்ந்து, "சவரி, சோறு போடு" என்று குரல் கொடுத்திருக்கிறார். உள்ளேயிருந்து வந்தது வேறொரு அம்மாள். அடுத்த தெரு வீடு! அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே சுண்ணாம்பு, ஒரே கதவு. வீடு மட்டுமா, கம்பெனி ஜீப்புகளும் அப்படித்தான். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. அந்த ஜீப் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பாட்டும் டிரில்லும் பள்ளிக்கூடத்தில் ஒரே சாதி. கணக்குப் பாடம் முடியவில்லையா, டிரில்லை எடு. அம்மை குத்த வேண்டுமா, பாட்டை எடு. ஏமாந்த எங்கள் இரண்டு பேர் தலையிலும் மாறி மாறி மிளகாய் அரைப்பார்கள். நான் கத்துவேன். டீச்சர் கத்தமாட்டார். கிடைத்த பீரியடில் தன் வேலையைச் செய்துகொண்டு போவார்.

அந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். நகரியத்துப் பிள்ளைகள் ஒரு ஊர்ப் பிள்ளைகள் இல்லை. சுரங்க வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். திருநெல்வேலிப் பிள்ளை ஒரு மாதிரி பேசும், கோயமுத்தூர்ப் பிள்ளை ஒரு மாதிரி பேசும். ஒன்றின் பேச்சைக் கேட்டு இன்னொன்று சிரிக்கும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பது யாரைப் பார்த்து என்றால், இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான். வந்தவர்கள் இருந்தவர்களைக் கேலி செய்வது உலகத்தில் எங்கேயும் உள்ள வழக்கம் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் இந்தப் பக்கத்து ஆள்தானே.

அறுபத்திரண்டில் ஆறாம் வகுப்பில் செங்கமலம் என்று ஒரு பெண் சேர்ந்தது. சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்ட ஊர் ஒன்றிலிருந்து வந்த குடும்பம். அம்மா சாமியம்மாள் கான்ட்ராக்டில் கட்டட வேலை, சித்தாள். அந்தப் பெண் சேர்ந்த முதல் வாரத்தில் "மழ பேஞ்சுகினு இருந்துச்சு, அதான் வூட்லயே இருந்துட்டேன் சார்" என்று சொல்லப்போய் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார் என்று கேள்வி. அன்றைக்கு மூடிய வாய்தான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்கும், தரையைப் பார்க்கும், அடி வாங்கிக்கொண்டு உட்காரும். கணக்கு வாத்தியார் அதற்கு ஊமை என்றே பெயர் வைத்துவிட்டார்.

சவரியம்மாள் டீச்சர் தன் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு பாட்டுக் கொண்டுவர வேண்டும். ஆயா பாடியது, அப்பா முணுமுணுத்தது, எதுவானாலும் சரி. அதை வகுப்பு முழுக்கப் பாட வேண்டும். கொண்டுவந்த பிள்ளை எப்படிச் சொல்கிறதோ அப்படியேதான் எல்லாரும் சொல்ல வேண்டும். ஒரு எழுத்துத் திருத்தக் கூடாது. திருநெல்வேலிப் பாட்டு என்றால் எல்லாரும் திருநெல்வேலி.

செங்கமலம் முறை வந்தபோது அது வாயைத் திறக்கவில்லை. டீச்சர் விட்டுவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், சாந்துச் சட்டியோடு நின்ற சாமியம்மாளையே கூப்பிட்டுவிட்டார்.

"நான் என்னாத்த பாடறதுங்க டீச்சரம்மா? நடவுல வாய் சும்மா இருந்தா இடுப்பு நோவு தெரியுமேன்னு எதையாச்சும் பாடிகினு இருப்போம். அதெல்லாம் ஒரு பாட்டுங்களா?"

"அதான் வேணும், வாங்க."

சாமியம்மாள் வகுப்புக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். காலெல்லாம் சுண்ணாம்பு, தரை அழுக்காகிவிடும் என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டார். முந்தானையை இழுத்து வாயைப் பாதி மூடிக்கொண்டு பாடினார். நான் மைதானத்திலிருந்து ஜன்னலோரமாக வந்து கேட்டேன்.

கொக்கே கொக்கே வெள்ளக் கொக்கே
வரப்பு மேல நின்னுகினு
ஒத்தக் காலு ஒனக்கு வலிக்கல
ரெண்டு காலும் எனக்கு நோவுது

இவ்வளவுதான். பிறகு கொக்கிடம் ஒவ்வொன்றாக முறையிட்டுக்கொண்டே போகும். மெட்டு அப்படியே சேற்றில் கால் வைத்து எடுக்கிற மாதிரி இருக்கும். டீச்சர் ஆர்மோனியத்தைத் தொடவே இல்லை.

அப்புறம் வகுப்பு பாடியது. ஒரு இன்ஜினீயர் மகள் அழகாக "நின்று கொண்டு" என்று பாடினாள். டீச்சர் நிறுத்தினார். "கொக்கு நின்று கொண்டா இருந்துச்சு? நின்னுகினு இருந்துச்சு. செங்கமலம், இவளுக்கு நீ சொல்லிக் குடு."

செங்கமலம் எழுந்தது. அம்மாவைப் பார்த்தது. சொல்லிக் கொடுத்தது. இன்ஜினீயர் மகள் இரண்டு தரம் தப்பாகச் சொல்லி மூன்றாம் தரம் சரியாகச் சொன்னபோது, செங்கமலம் "ஆங், அப்படித்தான்" என்று தலையை ஆட்டியது பார்க்க வேண்டுமே! அந்த வாரமே கணக்கு வகுப்பில் கையைத் தூக்கி விடை சொன்னது. கணக்கு வாத்தியார் ஊமை பேசிவிட்டது என்று ஆசிரியர் அறையில் அதிசயமாகச் சொன்னார். ஏன் பேசியது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை, என் பீரியடையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மேலே இருப்பவர்களுக்குப் பாட்டு டீச்சர் என்றால் ஒரே ஒரு பாட்டுத்தான். வரவேற்புப் பாட்டு. சுரங்கம் பார்க்க வாரத்துக்கு ஒரு கூட்டம் வரும். டெல்லியிலிருந்து வருவார்கள், வெளிதேசத்திலிருந்து வருவார்கள். வருகிறவர் யாரானாலும் மெட்டு ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்றிப் போட வேண்டும். "வருக வருக இன்னார் அவர்களே, நிலக்கரி நாட்டின் விருந்தினரே." ஒரு வெளிநாட்டு இன்ஜினீயர் பெயர் இருந்த நீளத்துக்குப் பிள்ளைகள் நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டார்கள். இதற்குப் பீரியட் வேண்டுமென்றால் மட்டும் கணக்கு வாத்தியாரே தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்.

டீச்சருக்கு அந்தப் பாட்டைக் கண்டாலே ஆகாது. "ஆர்மோனியத்தைக் கழுவணும் போல இருக்கு சார்" என்பார் என்னிடம்.

அதே வருஷம் தலைமையாசிரியர் சுப்பிரமணியன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் ஏதோ வேலையாக அந்த அறையில் இருந்தேன். சுப்பிரமணியன் கெட்டவர் இல்லை. ரிசல்ட் குறைந்தால் தன் தலை போகும் என்று சதா பயந்துகொண்டிருந்த மனுஷன்.

"வருஷா வருஷம் உங்க போஸ்ட்டுக்கு நான் எழுதிக் கேட்டு வாங்கறேன். இந்த வருஷம், பாட்டுக்கு மார்க்கு இல்லை, பரீட்சை இல்லை, எதுக்கு இந்தப் போஸ்ட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் என்னம்மா பதில் எழுதறது?"

"செங்கமலம்னு ஒரு பிள்ளை வாயைத் திறந்திருக்குன்னு எழுதுங்க சார்."

"அதை ஃபாரத்துல எந்தக் கட்டத்துலம்மா எழுதறது?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். போஸ்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிற பெரிய அதிகாரி அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். அவர் காதால் கேட்டு மனம் வைத்தால் பாட்டு வகுப்பு பிழைக்கும். இல்லையென்றால் அத்தோடு முடிந்தது.

டீச்சர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். வரவேற்பு இரண்டே அடி. அது முடிந்ததும் கொக்குப் பாட்டு. ஒரு வகுப்பு முழுக்கப் பாடும், முன்னால் நின்று செங்கமலம் எடுத்துக் கொடுக்கும். இன்ஜினீயர் மகளும் ஆபரேட்டர் மகனும் சித்தாள் மகள் வாயைப் பார்த்து அவள் பேச்சிலேயே பாடுவதை அந்த மனுஷன் ஒரு தரம் கேட்கட்டும், பிறகு எதுக்கு இந்தப் போஸ்ட் என்று கேட்கமாட்டார் என்றார். எனக்கும் நம்பிக்கை வந்தது. நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை.

அந்த நாளும் வந்தது. அதிகாரி பத்து மணிக்கு வருகிறார் என்றால் பிள்ளைகளை எட்டு மணிக்கே வெயிலில் நிறுத்துவது நம் தேசத்து வழக்கம். நிறுத்தினோம். பாவாடை என்கிற எங்கள் பியூன் பிளாக் முனையில் நின்று, ஜீப் திரும்பியதும் துண்டை வீச வேண்டும். துண்டு தெரிந்ததும் பாட்டுத் தொடங்க வேண்டும். ஏற்பாடு பிரமாதம்தான்.

பத்தரைக்குப் பாவாடை துண்டை வீசினான். ஜீப் வந்தது. பிள்ளைகள் வரவேற்பை இரண்டே அடியில் முடித்ததும், செங்கமலம் ஒரு அடி முன்னால் வந்து, "கொக்கே கொக்கே" என்று எடுத்தது. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வகுப்பு முழுக்க ஒரே நாக்காகப் பாடியது. "ரெண்டு காலும் எனக்கு நோவுது" என்கிற இடத்தில், இரண்டரை மணி நேரமாக வெயிலில் நின்ற பிள்ளைகள் அல்லவா, நிஜமாகவே நொந்து பாடினார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியது மலேரியாக்காரர்கள். முதுகில் மருந்து பம்பு, சட்டையெல்லாம் டி.டி.டி. நாற்றம். கொசு மருந்து அடிக்க வந்தவர்கள்! பாவாடையைச் சொல்லிக் குற்றமில்லை, முன்பே சொன்னேனே. எல்லா ஜீப்பும் ஒரே ஜீப்.

அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கடைசி அடிவரை நின்று கேட்டார்கள். அவர்களில் வயசான ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார். "எங்களுக்குப் போய் இம்மாம் மரியாதையாம்மா? எங்க அக்கா பாடிகினே நாத்து நடும். இன்னொரு தபா பாடச் சொல்லுங்கம்மா."

தலைமையாசிரியர் ஓடி வந்து அவர்களை விரட்டிவிட்டார். பாவாடைக்கு நல்ல அர்ச்சனை கிடைத்தது. நான் டீச்சரைத் தேற்றுகிறேன் என்று, "கேட்டவங்க நல்லா கேட்டாங்க டீச்சர்" என்றேன்.

"அவங்களால கையெழுத்துப் போட முடியாதே சார்" என்றார்.

உண்மையான அதிகாரி வரும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குத் தொண்டை காய்ந்துவிட்டது, ஒன்று மயங்கி விழுந்து வராந்தாவில் படுத்திருந்தது. ஜீப்பிலிருந்து அவர் இறங்கும்போதே சுப்பிரமணியன் டீச்சர் காதோடு, "ஐயாவுக்கு நேரமில்லை, வரவேற்பு மட்டும் போதும், அதையே முழுசாப் பாடிடுங்க" என்றார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாலை வந்துவிட்டது, போட்டோக்காரன் வந்துவிட்டான். செங்கமலம் ஒரு அடி முன்னால் வந்து நின்றுகொண்டு டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் தலையை இல்லை என்று ஆட்டினார். அது பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"வருக வருக" பாடினார்கள். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். தன் பெயர் பாட்டில் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது!

"ரொம்ப நல்லா இருக்கே! இந்த அம்மா யாரு? இவ்வளவு திறமையைப் பள்ளிக்கூடத்துல வச்சு வீணடிக்கிறீங்களே" என்றார்.

அந்த வார்த்தை அப்போது எங்களுக்குப் பாராட்டாகத்தான் பட்டது. ஒன்றரை மாதம் கழித்து ஆர்டர் வந்தது. பாட்டு டீச்சர் சவரியம்மாளை கம்பெனியின் விருந்தினர் வரவேற்புப் பிரிவில் பெர்மனென்டாக நியமித்திருக்கிறார்கள். அந்தப் பதவியில் இருந்தவரே போய்விடுவதால் பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போஸ்ட் இனி தேவையில்லை.

எல்லாருக்கும் கொண்டாட்டம். தலைமையாசிரியர் லட்டு வாங்கிக் கொடுத்தார், கணக்கு வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தியாகு ஷிப்ட் முடிந்து குளிக்கக்கூட இல்லாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, "எனக்கே இன்னும் ஆவல, என் பொண்டாட்டிக்கு ஆயிடுச்சு! இனிமே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்ல மாட்டான்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கண்ணெல்லாம் தண்ணீர் அந்த மனுஷனுக்கு. அந்த முகத்தைப் பார்த்து எந்தப் பெண்பிள்ளை வேண்டாம் என்று சொல்லுவாள்?

எல்லாரும் போன பிறகு மைதானத்து மூலையில் முந்திரி மரத்தடியில் நின்றுதான் அழுதார்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்தா என்ன ஆகும் சார்?"

"அந்த வேலைக்கு வேற ஆள் போவாங்க. பாட்டுக் கிளாஸ் அப்பவும் இருக்காது டீச்சர்."

"அப்ப நான் என்ன செய்யறது?"

டிரில் மாஸ்டரைப் போய்க் கேட்டால் என்ன சொல்வான்? நேரே நில், திரும்பு, நட. எனக்குத் தெரிந்த கட்டளை இவ்வளவுதான். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆர்மோனியத்தை எடுக்கப் போனார்.

பாட்டு பீரியட் கணக்குக்குப் போனது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் செங்கமலத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். கொக்கு. "கொக்கு வருது பாரு, ஒத்தக் காலுல நின்னுகினு கீது பாரு." எந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினார்களோ அதையே கல்லாக எடுத்து எறிந்தார்கள். என் கண்ணில் பட்டவர்களையெல்லாம் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். மிரட்டினால் வாய்தான் மூடும், சிரிப்பு மூடுமா? தினமும் கட்டடத்துக்குச் சுண்ணாம்புக் காலோடு வேலைக்கு வந்த சாமியம்மாளைப் பார்த்தும் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் கழித்துச் சவரியம்மாள் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். புதுச் சேலை, கையில் கடிகாரம். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம், வரவேற்புக்குப் பிள்ளைகள் வேண்டும். கூடவே ஒரு ஆபீஸ்காரர் பிள்ளைகளைப் பார்த்துப் பொறுக்குவதற்கு வந்திருந்தார். டீச்சர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "செங்கமலம் நல்லா இருக்கா சார்?" என்றுதான். நீங்களே வந்து பாருங்க என்று வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏழாம் வகுப்பு எழுந்து நின்றது. டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு. "செங்கமலம், முன்னால வாம்மா. கொக்குப் பாட்டுல ரெண்டு அடி எடு, குரல் எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

செங்கமலம் முன்னால் வந்தது. கைகளைக் கட்டிக்கொண்டது. புத்தகத்தில் அச்சடித்த மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது. "எனக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாது டீச்சர்."

"என்னம்மா இப்படிச் சொல்ற? உங்க அம்மா இதே வாசப்படியில நின்னு பாடினாங்களே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செங்கமலம் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது எங்க அம்மா இல்லை டீச்சர். யாரோ கட்டட வேலைக்கு வந்தவங்க."

எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கு ஒருத்தனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். டீச்சர் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபீஸ்காரர் உற்சாகமாக, "இந்தப் பொண்ணு பேச்சு சுத்தமா இருக்கே. இதை முதல் வரிசையில நிறுத்துங்கம்மா" என்றார்.

டீச்சர் செங்கமலத்தின் தோளைப் பிடித்து முதல் வரிசையில் நிறுத்தினார். ஆர்மோனியத்தைத் திறந்து சுருதி கொடுத்தார். பிள்ளைகள் "வருக வருக" என்று ஆரம்பித்தார்கள். செங்கமலத்தின் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. டீச்சர் கூடச் சேர்ந்து பாடவில்லை.